கண்ணை மூடச் சொல்லாத ஊர்

இந்த ஊரில் ஒரு மனிதன் வீடு திரும்பத் தகுதி பெற்றுவிட்டான் என்பதை ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் காட்டி நிரூபிக்க வேண்டும். ஷெஃபீல்டில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் அதற்கென்றே ஒரு சமையலறை இருக்கிறது. எரிவாயு அடுப்பு, கெண்டி, பால் குப்பி, சர்க்கரை ஜாடி எல்லாம் அசல் வீட்டில் இருப்பதுபோல வைக்கப்பட்டிருக்கும். இடுப்பெலும்பு முறிந்து தேறிய இரும்பாலைத் தொழிலாளி ஒருவர் சென்ற வாரம் அந்த அடுப்பின் முன் கைத்தடியோடு நின்றார். என் மாணவியர் மூவர் அவர் எட்டுவதையும் குனிவதையும் ஊற்றுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வெகுநேரம் கெண்டியையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மிஸ், எனக்கு இடுப்பு ஒடியாத காலத்திலேயே இது தெரியாது. இதெல்லாம் என் மனைவி செய்வது" என்றார். மாணவியர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவருக்குத் தேநீர் போடக் கற்றுக்கொடுத்தோம். அறுபது வயதில் முதல் தேநீரைப் போட்டுவிட்டு அவர் அடைந்த பெருமையை, ஊரில் இதைப் படிக்கிற நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் வேலையின் மறுபாதி இவ்வளவு இனிமையானதல்ல. ஆக்குபேஷனல் தெரபி என்று இங்கே சொல்லப்படும் இந்தத் தொழிலுக்கு நம் பக்கத்தில் இன்னும் பெயர் நிலைக்கவில்லை. நோயோ காயமோ கண்டவரை வேலையின் வழியாகவே தேற்றி, மறுபடி வேலைக்கு அனுப்புவது என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். ஒருவர் பழைய வேலைக்குத் திரும்பலாமா, எந்த வேலை அவருக்கு ஆகும், எது ஆகாது என்று டாக்டருக்கும் ஆலைக்கும் ஆலோசனை சொல்ல மாணவியரைப் பழக்குவதே எனக்கு இடப்பட்ட பணி. அதில் ஒரு பாடம் கையின் உணர்ச்சியைச் சோதிப்பது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் விரலாக ஊசி முனையால் தொட வேண்டும். தொடுவதை உணர்ந்தால் அவர் 'ஆம்' என்பார். சின்னக் குழந்தைக்கும் விளங்கும் சோதனை. நான் மட்டும் அதற்கு இரண்டு விதிகளைச் சேர்த்திருக்கிறேன். நோயாளியின் மனைவி அறையில் இருக்கக் கூடாது. சோதிப்பவரின் கையில் ஓசை எழுப்பும் எதுவும் இருக்கக் கூடாது. ஆகவே தினமும் காலையில் அந்த அறைக்குள் நுழையுமுன் என் கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

என் மாணவியருள் ஜீன் என்பவள் கூர்மையானவள், நல்ல மனசுக்காரி. வெளியே அனுப்பப்பட்ட ஒரு மனைவி முகம் சுருங்கிப் போனதைப் பார்த்துவிட்டு, அன்று மாலை என்னிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டாள்: "உங்கள் நாட்டில் ஆண்கள் இருக்கிற அறையில் பெண்கள் நிற்கக் கூடாது என்று வழக்கம், இல்லையா? அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இங்கே அந்த அம்மாள் வருத்தப்படுகிறாள்." அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றேன். அவள் தலையசைத்தாள், நம்பவில்லை. அந்நியர் ஒருவரின் விசித்திரத்துக்கு மதம் அல்லது வழக்கம் என்று ஒரு காரணத்தை வைத்துவிட்டால் மனம் அமைதி அடைந்துவிடுகிறது. நாமும் வெள்ளைக்காரர்களைப் பற்றி அப்படித்தான் எத்தனையோ முடிவு கட்டி வைத்திருக்கிறோம். அவளுக்கு அன்று சொல்லாததை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் சாலையோரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அதை அடுத்த பாறைக்காடுகளில் கல் குவாரிகள். குவாரியில் அடிபடுகிறவர்கள் எல்லாரும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். இவர்களில் யார் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லத் தெரிந்த பெண்களைப் பழக்குவதற்காக மிஸ் ஹாலம் என்ற ஆங்கிலேய அம்மையார் வந்தார். பழக வந்த நால்வரில் நான் ஒருத்தி. என் ஊர் பாகலூர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டு வாசலிலேயே கிடைத்தவை. ஆகவே மிஸ் ஹாலத்தின் வாயும் காதும் நானே ஆனேன். அவர் கெட்டவரல்ல. காலையில் எங்களுக்கு முன் வந்து, மாலையில் எங்களுக்குப் பின் போவார். எதையும் அளந்து பார்த்தே நம்புவார். குவாரிக் கருவிகளை எல்லாம் மேஸ்திரியை எடுத்து வரச் சொல்லி ஆஸ்பத்திரித் தராசில் எடை போட்டார். சம்மட்டி கனமான வேலை. கல் சுமப்பது கனமான வேலை. நீண்ட இரும்பு உளியை ஒருவன் உட்கார்ந்தபடி நிறுத்திப் பிடிப்பது இலகுவான வேலை. கரும்பலகையில் அப்படித்தான் எழுதிப் போட்டார். நாங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டோம்.

அவர் குவாரிக்குப் போகாதவரும் அல்ல. ஒரு நாள் எங்களையும் அழைத்துக்கொண்டு போனார். வெள்ளைக்காரத் துரைசானி வருகிறார் என்று முதலாளி வேலையை நிறுத்தி வைத்திருந்தார். வெடி வைப்பது நின்றிருந்தது. ஆட்கள் முகம் கழுவி வரிசையில் நின்றார்கள். பந்தல் போட்டு, இளநீர் சீவி, சம்பங்கி மாலை போட்டார்கள். பெரிய மனிதர் வந்தால் நம் பக்கத்தில் வேறென்ன செய்வார்கள்? புழுதியும் கூச்சலும் அவர் மேல் படலாமா? கீழே ஒருவன் உளியைப் பிடிக்க, மேலே ஒருவன் சம்மட்டியை ஓங்கி அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் கீழே இருப்பவன் உளியைச் சிறிது திருப்பிக் கொடுக்க, பாறையில் வெடிமருந்துக்குத் துளை இறங்கும் அந்தக் காட்சியை மிஸ் ஹாலம் ஒரு நாளும் பார்க்கவில்லை. அந்தத் திருப்பலை விரல்தான் அறிய வேண்டும் என்பதும், அடி சற்று விலகினால் இறங்குவது பிடித்தவன் கைமேல்தான் என்பதும் தராசில் தெரிவதில்லை.

திம்மராயன் சம்மட்டிக்காரன். தெறித்த கற்சில்லு அவன் வலது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. காயம் ஆறி, தழும்பும் வெளுத்துவிட்டது. விரல்கள் மடங்கின, ஆனால் இறுக்கிப் பிடிக்க வலு இல்லை. அவனும் அவன் மனைவி ரத்னம்மாவும் இருந்தது குவாரி நிலத்துக் குடிசை. ஆண் வேலை செய்யாத வீட்டுக்குக் குடிசை கிடையாது என்பது அங்கே சட்டம். உகாதிக்குள் ஆளை வேலைக்கு விடுவதா, குடிசையைக் காலி செய்யச் சொல்வதா என்று மேஸ்திரி ஆஸ்பத்திரியைக் கேட்டிருந்தார். கணவனோடு ரத்னம்மாவும் வந்தாள். கல் சுமக்கிறவள், முழங்கைவரை பச்சைக் கண்ணாடி வளையல். மிஸ் ஹாலம் திம்மராயனைக் கண்ணை மூடச் சொன்னார். அவள் கதவருகே நின்று முந்தானையை இழுத்து இழுத்துச் சரி செய்தபடி இருந்தாள்.

ஊசி தொட்டது. "ஆமாங்க" என்றான். நடுவிரலைத் தொட்டார். "ஆமாங்க." கட்டைவிரல். "ஆமாங்க, குத்துதுங்க." ஒருமுறை மிஸ் ஹாலம் தொடாமலேயே காத்திருந்தார். அவனும் பேசாமல் இருந்தான். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க அது ஒரு வழி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். "பார்த்தீர்களா, நேர்மையானவன்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். உணர்ச்சி நன்றாக இருக்கிறது, பிடி மட்டும் பலவீனம், சம்மட்டி ஆகாது, உளி பிடிக்கும் இலகுவான வேலை தரலாம். அதுவே ஆலோசனை. நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது ரத்னம்மா குனிந்து மிஸ் ஹாலத்தின் காலைத் தொட்டாள். அவர் கூச்சத்தோடு பின்வாங்கினார். திம்மராயன் சொன்னான்: "குடிசை நின்னுச்சுங்கம்மா. அது போதும்."

அதன்பின் அவன் கட்டுப்போட வரத் தொடங்கினான். முதலில் நகம் போயிற்று. பிறகு ஆட்காட்டி விரலின் நுனி. ஒரு நாள் புறங்கை பிளந்து, ஈ மொய்க்க, அதைத் தொங்க விட்டபடி மேஸ்திரியோடு பேசிச் சிரித்துக்கொண்டே வந்தான். ரத்னம்மா வரும்போதெல்லாம் மடியில் அவரைக்காய் கட்டிக்கொண்டு வருவாள். "உங்களாலதான் வூட்ல அடுப்பு எரியுது, எடுத்துக்குங்கம்மா" என்பாள். மிஸ் ஹாலத்துக்குப் புரியவில்லை. உணர்ச்சியுள்ள கை அடிபட்டால் சட்டென்று விலகுமே, இவன் ஏன் இழுத்துக்கொள்வதில்லை? கடைசியில், இந்த மக்களுக்குத் தம் உடம்பின் மேல் அக்கறை இல்லை என்று முடிவு செய்தார். அதையும் நாங்கள் எழுதிக்கொண்டோம்.

மேஸ்திரிக்கு மட்டும் எல்லாம் புரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பீடியை அணைத்தபடி என்னிடம் சொன்னார்: "நல்ல ஆளத்தான் குடுத்தீங்கம்மா. மத்தவன் கைமேல ஒரு அடி உழுந்தா அப்பன் ஆத்தாவெல்லாம் இழுத்துத் திட்டுவான், அரை நாளு வேலை கெட்டுப் போவும். இவன் கம்முனு கீறான். புதுசா சம்மட்டி தூக்கற பசங்கள இவங்கிட்டதான் வுட்டுப் பழக்குறன்."

"கை போய்விடுமே" என்றேன்.

"அவனே கேக்கல. நீங்க ஏம்மா கேக்கறீங்க?"

பக்கத்தில் நின்ற திம்மராயன் அதைக் கேட்டுச் சிரித்தான். எஜமான் தன்னைப் பாராட்டுகிறார் என்ற சிரிப்பு அது. இந்தச் சிரிப்பை எந்த மொழியில் மிஸ் ஹாலத்துக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த சோதனை ஊசியை ரத்னம்மா பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். என்னவென்று கேட்டேன். மிஸ் ஹாலம் அறையில் இல்லை என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். வளையல்கள் கிணுங்கின.

"ஊசி வெக்கும்போதெல்லாம் இப்பிடி ஒரு தடவ. வெக்காட்டி கம்முனு நிப்பன். ஊசி வெச்சிப் பாப்பாங்கன்னு முன்ன வந்துட்டுப் போனவங்க சொன்னாங்க. வூட்ல வெளக்குமாத்துக் குச்சி வெச்சி மூணு நாளு பழகினமுங்க. இவுரு மொதல்ல தப்புத் தப்பாத்தான் சொன்னாரு. உம் மண்டையில என்னா களிமண்ணா இருக்குதுன்னு திட்டித் திட்டிப் பழக்கினன்."

"உனக்கு வாயி மட்டும் இல்லைன்னா நாய் தூக்கினு போயிருக்கும்" என்றான் திம்மராயன். அவளைக் காட்டி, "படிச்சிருந்தா இவளும் உங்களாட்டம் டாக்டரம்மா ஆயிருப்பா" என்று எனக்குச் சொன்னான்.

மூன்று விரல்களிலும் தொடக்கத்திலிருந்தே உணர்ச்சி இல்லை. மணிக்கட்டில் நரம்பு அறுந்திருந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டதும் இருவரின் சிரிப்பும் நின்றது. உங்களில் எங்கள் பக்கத்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். மரத்துப் போன கை என்றால் அங்கே ஒரே அர்த்தம்தான், குஷ்டம் என்ற அந்தப் பெருநோய்தான். ஊரில் தண்ணீர் மொள்ள விடமாட்டார்கள். "சம்மட்டி தூக்க முடியலன்னா வேலைதான் போவும்" என்றாள் ரத்னம்மா. "கை மரத்துப்போச்சுன்னா மனுசங்களே போயிருவாங்க."

அவள் அழாமல் சொன்னதால் அறைக்குள் வந்த மிஸ் ஹாலத்துக்கு ஏதோ வேடிக்கைப் பேச்சு என்றே பட்டது. நடந்ததை நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றே ரத்னம்மாவை வெளியே நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தார். திம்மராயன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அறையில் ஓசையே இல்லை. ஊசி விரல் விரலாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. அவன் முகத்தைக் கதவுப்பக்கம் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் காத்திருந்தான். பிறகு, யாரும் தொடாத ஒரு கணத்தில், மெதுவாக, "ஆமாங்களா?" என்று கேட்டான்.

இந்தக் கை எந்தக் குவாரி வேலைக்கும் ஆகாது என்று மிஸ் ஹாலம் எழுதினார். இது நோயல்ல, நரம்புக் காயம் என்பதையும் தெளிவாக எழுதினார். திம்மராயன் தன் நல்ல கையால் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். "வேணாமுன்னு சொல்லுங்கம்மா. கை போனா போவுது. ஒரு கை இருக்குதில்ல? குடிசை ஒண்ணுதாங்க" என்றான். நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். மிஸ் ஹாலம் அவன் தோளைத் தொட்டு, "உண்மை தெரிந்தால்தான் இவனைக் காப்பாற்ற முடியும்" என்று சொன்னார். அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் பிறந்த ஊரில் அது மெய்யான வாக்கியம். இப்போது அந்த ஊரில்தான் இருக்கிறேன். ஆகவே சாட்சி சொல்ல முடிகிறது.

இரண்டு நாளில் செய்தி குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உணர்ச்சி இல்லையாம் என்ற பாதி மட்டுமே போயிற்று. கிணற்றடியில் ரத்னம்மாவின் குடத்தை உதைத்து உருட்டினார்கள். அவர்கள் சட்டியில் வாங்கித் தின்ற பக்கத்து வீட்டுக்காரியே குடிசை வாசலில் சாணத் தண்ணீரை ஊற்றிவிட்டு, "போயிருங்க, எங்க கொழந்தைங்க இருக்குது" என்றாள். மிஸ் ஹாலம் எழுதியதை எடுத்துக்கொண்டு நான் மேஸ்திரியிடம் போனேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை. "தொரசானி எழுதின காயிதம் கெணத்துல எறங்கித் தண்ணி மொண்டு குடுக்குமாம்மா? எனக்குத் தெரியும் அது நோவு இல்லன்னு. எனக்குத் தெரிஞ்சி என்னா?" என்றார். அந்தக் குடிசைக்குப் புதிய சம்மட்டிக்காரன் குடி வந்தான். வருமுன் கூரையைப் பிரித்து எரித்துவிட்டு வேறு வேய்ந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து நான் பாகலூர் போவதற்காக ஒசூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இருவரையும் பார்த்தேன். தலைமேல் மூட்டை. அவன் தோளில் ஒரு கந்தல் துண்டு வலது கையை மறைத்துத் தொங்கியது. மைசூர் ராஜ்யத்து எல்லையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். ரத்னம்மாவின் கையில் ஒரு வளையலும் இல்லை. கிணற்றடிச் சண்டையில் உடைந்தவை போக மிச்சத்தைக் கழற்றிவிட்டதாகச் சொன்னாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அத்திப்பள்ளி தாண்டி ஒரு குவாரி கீதாம்" என்றான் திம்மராயன். "உளி புடிக்க ஆளு வேணுமாம்."

"அந்தக் கையோடா?"

"அங்க ஆஸ்பத்திரி இல்லீங்கம்மா" என்றாள் ரத்னம்மா. குரலில் கோபம் இல்லை. ஒரு நல்ல செய்தியைச் சொல்பவள்போலச் சொன்னாள். "கண்ண மூடுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க." பிறகு என் கையைப் பார்த்தாள். அன்று நானும் பச்சை வளையல் போட்டிருந்தேன். "நல்லாக் கீது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். திம்மராயன் இரண்டடி பின்னால் போனான். தோளிலிருந்து துண்டு நழுவி விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவள்தான் திரும்பி வந்து எடுத்துப் போர்த்தினாள்.

மிஸ் ஹாலத்தின் யோசனைப்படி நான் அந்தக் கையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். அவர் அதை இங்கே அனுப்பினார். மிக நுட்பமான அவதானிப்பு என்று பாராட்டி எனக்கு இந்த நாட்டில் படிக்க இடம் கொடுத்தார்கள். அவர்கள் ஓர் எல்லையைத் தாண்டினார்கள். நான் கடலையே தாண்டினேன். இரண்டு பயணத்துக்கும் கட்டணம் ஒரே கையிலிருந்து போயிற்று.

நேற்று ஜீன் ஓர் இரும்பாலைக்காரரைச் சோதித்தாள். அவருக்கும் மணிக்கட்டில் நரம்புக் காயம். அவருக்கும் மூன்று விரல்கள் மரத்திருந்தன. மனைவியை வெளியே அனுப்பினோம். கண்ணை மூடி உட்கார்ந்தவர் ஊசி பட்டபோது, "ஒன்றும் தெரியவில்லை, மிஸ்" என்று உடனே சொன்னார், மணி கேட்டால் சொல்வதுபோல. ஆலையின் வாயிலில் நாற்காலி போட்டு உட்காரும் வேலை அவருக்குக் கிடைக்கும். நஷ்ட ஈடும் வரும். கதவைத் திறந்து மனைவியை உள்ளே விட்டோம். அவள் அந்தக் கையை எடுத்து வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கினாள். அவர் மறு கையால் அவளைத் தட்டிக்கொடுத்தார். ஜீன் என்னைப் பார்த்து, "எவ்வளவு எளிது, இல்லையா?" என்றாள். எளிதுதான் என்றேன். அவளுக்கு எதை விளக்குவது? இங்கே உண்மையைச் சொன்னவனுக்கு நாற்காலி கிடைக்கிறது. உண்மை ஒன்றுதான், ஊசியும் ஒன்றுதான்.

வேலை முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. மாலையில் வளையல்களை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைப்பேன். குளிரில் கையுறையைக் கழற்ற மனம் வராது. ஆகவே அவை கோட்டுப் பையிலேயே கிடக்கும். இந்த ஊர்ச் சாலைகள் கல் பாவியவை. பஸ் குலுங்கும் இடத்தில் பைக்குள் வளையல்கள் ஒரு முறை கிணுங்கும். நான் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருப்பேன். ஒலித்ததும் என் வாய், யாருக்கும் கேளாமல், 'ஆம்' என்கிறது. தொட்டது எந்த ஊர் என்று தெரியவில்லை. தொட்டதா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த ஓசைக்காக முகத்தைச் சற்றே சாய்த்துக் காத்திருக்கிறேன்.